பீரோ மேல் இருந்த ஏழு கவர்கள்

கோயம்புத்தூர் கணபதியில் சித்தப்பா வீட்டுக் கதவில் அந்தத் தாளை ஒட்டிவிட்டுப் போன அன்று, நான் போய்ச் சேர சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. மைதா பசை ஓரத்தில் இன்னும் ஈரமாக இருந்தது. மேலே வங்கியின் பெயர், நடுவில் தடித்த எழுத்தில் 'சுவாதீன அறிவிப்பு', கீழே சித்தப்பா பெயரும் சித்தி பெயரும். ஒட்டிய கையோடு கதவு முழுக்கத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம். எதிர்வீட்டு மாடியில் நின்று இரண்டு பேர் பார்த்தார்களாம். மாவிலைத் தோரணம் கட்டுகிற ஆணியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, சித்தி அந்தத் தாளை மறைத்திருந்தார்.

"இதுக்கு முன்னால லெட்டர் எதுவும் வரலீங்களா சித்தப்பா?"

"வந்துச்சு கண்ணு" என்று பீரோவின் மேல் கையைக் காட்டினார். ஏழு கவர். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "பிரிச்சா மட்டும் பணம் வந்துருமா?" என்றார்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கினேன். முதல் கவர் வட்டி ஏறிய தகவல்: தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் தவணை தவறியதற்கான நினைவூட்டல். நான்காவது, கிளைக்கு வந்து பேசும்படி மேலாளர் அனுப்பிய கடிதம். அது வந்தபோது கணக்கு வாராக்கடன் ஆகியிருக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஐந்தாவது, கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது என்ற தகவல். ஆறாவது, மொத்தக் கடனையும் கட்டச் சொல்லி சர்பாசி சட்டம் 13(2) பிரிவின் கீழ் 60 நாள் அறிவிப்பு. ஏழாவது, அதே அறிவிப்பு சித்தி பெயருக்கு. அறுபது நாள் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

அந்த வீடு ஏலத்தில் போனதாக ஊர் சொல்கிறது. எனக்குத் தெரிந்து அது அந்த பீரோ மேலேயே போய்விட்டது. தவணை கட்ட முடியாத ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பீரோ இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வட்டி ஏறிய கதை

சித்தப்பாவுக்கு லேத் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். 2021 நவம்பரில் 25 லட்சம் கடன், 20 வருடம், 7 சதவீத மாறும் வட்டி. மாதத் தவணை 19,382 ரூபாய். பட்டறையில் வேலை இருந்தவரை அது ஒரு பாரமாகத் தெரியவில்லை.

2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஏற்றத் தொடங்கியது. 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. ரெப்போவோடு கோத்துவிட்ட வீட்டுக்கடன்கள் எல்லாம் அதே இரண்டரை சதவீதம் ஏறின. சித்தப்பாவின் கடன் 9.5 சதவீதத்துக்குப் போயிற்று. அப்போது அசல் பாக்கி சுமார் 24 லட்சத்து 25 ஆயிரம். அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 19,198 ரூபாய். பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அசலில் கழிவது மாதம் 184 ரூபாய். அந்த வேகத்தில் கடன் அடைய 49 வருடம் ஆகும். காலத்தை நீட்டாமல் இருக்க வேண்டுமானால் தவணை 23,100 ரூபாய்க்கு மேல் போகும். மாதம் 3,700 ரூபாய் கூடுதல். பட்டறைக்கு ஆர்டர் குறைந்துகொண்டே வந்த காலம் அது.

வட்டி மாறும்போது கடன்தாரருக்குத் தகவல் சொல்ல வேண்டும், தவணையைக் கூட்டவா காலத்தை நீட்டவா என்று கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ல் உத்தரவு போட்டது. நம்மில் பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ 6.5-லிருந்து 5.5-க்கு இறங்கியது. உங்கள் கடனுக்கு வட்டி இறங்கியதா என்று ஒருமுறை வங்கியில் கேட்டுப் பாருங்கள். சில பழைய கடன்கள் ரெப்போவோடு கோக்காத வேறு வட்டிக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சிறு கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் குறைவதே சில குடும்பங்களைக் கரையேற்றிவிடும்.

தொண்ணூறு நாள்

தவணை தேதி தாண்டிய மறுநாளிலிருந்தே வங்கியின் கம்ப்யூட்டர் நாளை எண்ணத் தொடங்கிவிடுகிறது. 30 நாள் வரை ஒரு வகை, 60 வரை ஒரு வகை, 90 வரை ஒரு வகை. 90 நாளைத் தாண்டிவிட்டால் கணக்கு வாராக்கடன். இந்தக் கோடுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் கொஞ்சம் தாமதமான வாடிக்கையாளர். கிளை மேலாளரே காலத்தை நீட்டலாம், தவணையை மாற்றி அமைக்கப் பரிந்துரைக்கலாம். அந்தப் பக்கம் போய்விட்டால் கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு உங்கள் முகமே தெரியாது.

மூன்று தவணை என்பது சித்தப்பா கணக்கில் 70 ஆயிரம் ரூபாய். கோட்டைத் தாண்டி 13(2) அறிவிப்பு வரும்போது வங்கி கேட்பது மூன்று தவணையை அல்ல, மொத்தக் கடனை. அதற்குப் பிறகு அங்கே ஐந்தாயிரம், இங்கே பத்தாயிரம் என்று கட்டினாலும் கணக்கு சீராகாது. நிலுவையில் உள்ள அசலும் வட்டியும் முழுதாகக் கட்டினால்தான் வாராக்கடன் என்ற முத்திரை நீங்கும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனைவியின் வளையலை அடகு வைத்து அரைத் தவணை கட்டிவிட்டு, 'ஏதோ கட்டியிருக்கிறோமே' என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால், அடுத்த மாதத் தவணை கட்ட முடியாது என்று உங்களுக்கே தெரிந்த அன்று கிளைக்குப் போய்விடுங்கள். வாயால் பேசினால் போதாது. என்ன நடந்தது, இப்போது எவ்வளவு கட்ட முடியும், எப்போது நிலைமை சரியாகும், என்ன உதவி வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை போன கடிதமோ ஆஸ்பத்திரி பில்லோ இருந்தால் இணையுங்கள். வங்கிக்காரர்கள் கடிதத்துக்கு மதிப்புக் கொடுப்பார்கள், ஏனென்றால் கோப்பில் சேர்ந்த கடிதத்துக்கு அவர்கள் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும்.

யாருக்கு முதலில்?

கையில் இருப்பது கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய. அப்போது யாருக்குக் கொடுக்கிறோம்? அதிகமாகக் கத்துகிறவருக்கு. கிரெடிட் கார்டு வசூல்காரர் ஒரு நாளைக்கு இருபது முறை கூப்பிடுகிறார். செயலியில் வாங்கிய தனிநபர் கடன்காரர் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போடுவேன் என்கிறார். வீட்டுக்கடன் வங்கி மாதம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அமைதியாக இருக்கிறது. நாம் அமைதியானவரைக் காக்க வைத்துவிட்டு, கத்துகிறவர் வாயை அடைக்கிறோம். சித்தப்பாவும் ஐந்து மாதம் இதைத்தான் செய்தார். கத்துகிறவர் கையில் உங்கள் பத்திரம் இல்லை. அமைதியாக இருப்பவர் பெட்டகத்தில்தான் மூலப்பத்திரம் இருக்கிறது.

கார்டு கடனைக் கட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கும் வட்டி ஓடும், சிபில் கெடும், வழக்கும் வரலாம். ஆனால் அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து, அதற்கடுத்து வீடு, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் வசூலுக்காக யாரும் போன் செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினரிடம் அவமானப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இன்னொன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வங்கித் தவணை கட்டுவதற்காகக் கந்துவட்டிக்குப் போகாதீர்கள். ஒன்பது சதவீதக் கடனை மீட்டர் வட்டியில் அடைக்கிற வேலை அது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே கந்துவட்டியால் உயிரை விட்டதை நாம் யாரும் மறந்துவிடவில்லை. சித்தப்பா மூன்று லட்சம் வாங்கியிருந்தார். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அது சித்திக்கே தெரியாது.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அபசகுனம் மாதிரி. ஆனால் இதுதான் உண்மையான முடிவு. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

ஒரு நோட்டை எடுத்து, கணவன் மனைவி இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். உறுதியாக வரும் மாத வருமானம் எவ்வளவு? 'வரும் என்று நம்புகிற' பணத்தை அதில் எழுதக்கூடாது. மச்சான் தருவதாகச் சொன்னதையும் எழுதக்கூடாது. குடும்பச் செலவு போக மிச்சம் எவ்வளவு? வந்திருப்பது தற்காலிகக் கஷ்டமா, நிரந்தர மாற்றமா? வேலை போய் ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைக்கும் என்பது ஒரு நிலைமை. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது என்பது வேறு நிலைமை. முதலாவதற்குக் காலநீட்டிப்பு, தவணை மாற்றம், சீட்டுப் பணம், நகை என்று எதையும் செய்து வீட்டைக் காப்பாற்றலாம். இரண்டாவதில் அதையெல்லாம் செய்தால், நகையும் போகும், சீட்டும் போகும், கடைசியில் வீடும் போகும்.

என் கருத்தைக் கேட்டால், மறுசீரமைப்புக்குப் பிறகும் தவணை உறுதியான வருமானத்தில் பாதியைத் தாண்டினால், விற்றுவிடுவதே நல்லது. வங்கி விற்பதற்கு முன்னால் நீங்களே விற்க வேண்டும்.

அடுத்த தெரு மளிகைக்கடைக்காரர் ஏலத்துக்கு ஒரு வருடம் முன்பே சித்தப்பா வீட்டை 48 லட்சத்துக்குக் கேட்டிருக்கிறார். "என்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்பறம் வாங்க" என்று சித்தப்பா கோபித்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு வங்கிப் பாக்கி 25 லட்சம். கையில் 23 லட்சம் நின்றிருக்கும். ஏலத்தில் வீடு போனது 39 லட்சத்து 50 ஆயிரத்துக்கு. அதற்குள் வட்டி, அபராதம், ஏலச் செலவு, வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து பாக்கி 27 லட்சத்து 50 ஆயிரம் ஆகியிருந்தது. மிச்சம் 12 லட்சம். ஒரு வருடத்தில் போனது 11 லட்சம். அந்தப் பன்னிரண்டிலிருந்து மீட்டர் வட்டிக்காரர் தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அடமானத்தில் இருக்கும் வீட்டை எப்படி விற்பது என்று பலர் தயங்குகிறார்கள். தினமும் நடப்பதுதான் அது. வங்கியில் இன்றைய தேதிக்கு மொத்தப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கடிதம் வாங்குங்கள். வாங்குபவரிடம் எதையும் மறைக்காமல் அதைக் காட்டுங்கள். அவர் தரும் பணத்தில் பாக்கித் தொகை நேராக உங்கள் கடன் கணக்குக்குப் போகட்டும், மீதி உங்களுக்கு. அவரும் வங்கிக் கடனில் வாங்கினால் இரண்டு வங்கிகளும் பேசிக்கொள்ளும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும்; வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தை ரத்து செய்யும் ரசீதுப் பத்திரத்தையும் பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்று சுத்தமாகிவிடும்.

இப்படி நீங்களே விற்பதற்கு ஒரு காலக்கெடு உண்டு. 13(2) அறிவிப்பு கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று சட்டம் சொல்கிறது. அனுமதி கேட்டால் வங்கிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம்தான். ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

அறிவிப்பு வந்துவிட்டால்

சர்பாசி 2002-ல் வந்த சட்டம். கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிற சட்டம். சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வழியை இந்தச் சட்டம் அடைத்துவிட்டது. நேராக ஹைகோர்ட்டில் ரிட் போடுவதையும் உச்ச நீதிமன்றம் 2010-லிருந்து திரும்பத் திரும்பக் கண்டித்து வருகிறது.

13(2) அறிவிப்பு வந்ததும் அந்த 60 நாளை வீணாக்கக்கூடாது. கேட்டிருக்கும் தொகை சரியா என்று கணக்கு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வங்கி கடமைப்பட்டிருக்கிறது. விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் செல்லாது. கடனில் பெரும்பகுதியைக் கட்டி முடித்து, அசலும் வட்டியுமான தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி நிற்கிறது என்றாலும் செல்லாது. பதினைந்து வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசியில் சறுக்கியவர்கள் இதைக் கவனியுங்கள்.

அடுத்தது கதவில் ஒட்டுகிற சுவாதீன அறிவிப்பு. ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளிலும் வரும், ஒன்று தமிழில். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. இது பெயரளவுச் சுவாதீனம். தாள் ஒட்டிய அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சாவியைத் தர மறுத்தால், வங்கி ஆட்கள் தாங்களாகப் பூட்டை உடைத்து உங்களை வெளியே தள்ள முடியாது. கலெக்டர் அல்லது தலைமை மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக லாரி பிடிக்கிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

இந்தக் கட்டத்தில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டிஆர்டிக்கு, 45 நாளுக்குள் போகலாம். சென்னையில் மூன்று, கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று. முன்பு கேட்ட தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் உள்ளேயே போக முடியும் என்று இருந்தது. 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. இருந்தாலும் இடைக்காலத் தடை கேட்டால், பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித் தடை கொடுப்பதுதான் வழக்கம். உண்மையான தவறு இருந்தால் போங்கள்: அறிவிப்பு முறைப்படி வரவில்லை, தொகை தவறு, மதிப்பீடு அடிமாட்டு விலைக்கு இருக்கிறது. இன்ன மாதம் இவ்வளவு பணம் வருவது நிச்சயம் என்றாலும் போங்கள். வெறுமனே நாளைக் கடத்துவதற்காகப் போகாதீர்கள். கடத்துகிற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது, அது உங்கள் மிச்சப் பணத்திலிருந்துதான் போகிறது.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலேயே இந்த உதவி கிடைக்கும். பெரும்பாலான வீட்டுக்கடன்களில் மனைவியும் கடன்தாரர். அவர் பெயரில் கேட்கலாம்.

பிறகு ஏல அறிவிப்பு. ஏலத்துக்கு முதல் நாள் இரவு வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய சட்டத்தில் அப்படிச் செய்ய முடிந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நிலம் விற்ற பணத்தோடு ஏல நாளில் வங்கி வாசலில் போய் நின்றாலும் பயன் இருக்காது. உங்கள் கடைசித் தேதி ஏல நாளுக்கு ஒரு மாதம் முன்பே போய்விடுகிறது.

ஏலத்தைத் தடுக்க முடியாவிட்டாலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். எந்த மதிப்பீட்டாளர், என்ன விலை போட்டார் என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தில் சமீபத்தில் நடந்த கிரய விலைகளைக் காட்டி, குறைவு என்றால் எழுதிக் கொடுங்கள். நல்ல விலைக்கு வாங்க ஆள் தெரிந்தால் ஏலத்துக்கு வரச்சொல்லுங்கள். கடன் போக மிச்சப் பணம் உங்களுடையது. தானாக வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். ஏலத் தொகை கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியையும் உங்களிடம் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. சாவியைக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்பது நம் ஊரில் கிடையாது.

நடுவில் வருகிறவர்கள்

பத்திரிகையில் பெயர் வந்த மறுநாளே போன் வரத் தொடங்கும். "ஓடிஎஸ் முடிச்சுத் தர்றோம், பாதிக்குப் பாதி கட்டினாப் போதும்" என்று ஒருவர். "பவர் எழுதிக் குடுங்க, நாங்க பேங்கை அடைச்சிட்டு வித்து மிச்சத்தைத் தர்றோம்" என்று இன்னொருவர். இரண்டாமவரிடம் ஏமாந்தவர்கள் ஏராளம். பவர் பத்திரம், கிரய ஒப்பந்தம், வெற்றுத் தாள், எதிலும் இந்த நேரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரே தவணையில் தீர்வு என்ற ஓடிஎஸ் உண்மையிலேயே இருக்கிறது. நீங்களே நேராக விண்ணப்பிக்கலாம், தரகர் தேவையில்லை. ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டின் விலை கடனைவிட அதிகமாக இருக்கும்போது வங்கி பெரிதாக விட்டுக்கொடுக்காது. கிடைத்தால், தொகையும் கடைசித் தேதியும் எழுதிய அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், பல வருடம் அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். அது தாங்கக்கூடிய கஷ்டம்தான்.

கடன் வாங்கியவர் இறந்துபோய், அதற்குப் பிறகு தவணை நின்றிருந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் கடனோடு சேர்த்துக் காப்பீடு எடுக்கப்பட்டதா என்று பழைய கோப்புகளில் தேடுங்கள். கடன் கொடுக்கும்போதே வங்கியில் அதைச் சேர்த்துவிட்டிருப்பார்கள், குடும்பத்துக்குத் தெரிந்திருக்காது.

அந்த வீட்டிலிருந்து

நான் கவர்களைப் பிரித்த அன்று, டிஆர்டிக்குப் போக சித்தப்பாவுக்கு இன்னும் 45 நாள் கையில் இருந்தது. மளிகைக்கடைக்காரரிடம் போனோம். அவர் அதற்குள் சரவணம்பட்டியில் இடம் வாங்கிவிட்டார். வேறு ஆள் தேடினோம். கதவில் தாள் ஒட்டிய வீடு என்று தெரிந்ததும் 40-க்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. அட்வான்ஸ் தருவதாகச் சொன்ன ஒருவரும் கடைசியில் பின்வாங்கினார். ஏல அறிவிப்பு வந்துவிட்டது.

நாங்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், சித்தப்பா மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிகிறவரை வீட்டில் இருக்க அவகாசம் கேட்டு எழுதியதுதான். வங்கி சம்மதித்தது. அதே பகுதியில் வாடகைக்கு இரண்டு அறை பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, முன்கூட்டியே சாமான்களை மாற்றினோம். போலீஸும் வக்கீல் கமிஷனரும் வந்து அண்டா குண்டாவைத் தெருவில் எடுத்து வைக்கிற காட்சியை அந்தப் பெண் பார்க்கவில்லை. கடைசி நாள் சித்தி வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

சித்தப்பா இப்போது வேறொருவர் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். மாதச் சம்பளம். தூங்குகிறேன் கண்ணு, என்கிறார். கடன் நெருக்கிய அந்த மாதங்களில் அவர் மனதில் என்னென்ன ஓடியது என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அந்த மாதிரி எண்ணம் உங்களுக்கு வந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டிலும் பிரிக்காத கவர் ஒன்று இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மனைவியையோ மகனையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதைப் பிரியுங்கள். எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.